பெ. தூரன்: கலைக்களஞ்சியம் தொகுத்த குழந்தை எழுத்தாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தில் பார்வை நூல்கள் இருக்கும் பகுதியில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவனுக்கு, எந்த அலமாரிக்கு முன்னால் யார் என்ன கேட்பார்கள் என்பது பழகிவிடும். கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கு முன்னால் நின்று மாணவர்களும் ஆசிரியர்களும் பாட்டு கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்டவற்றை, கூடியவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெ. தூரன் யார்? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தமிழில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்கும், அதன் பின்னர் பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கும் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தவர். பிறந்தது 1908 செப்டம்பர் 26. மறைந்தது 1987 ஜனவரி 20. ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்கு அருகிலுள்ள மஞ்சக்காட்டுவலசு அவருடைய ஊர். அக்காலத்தில் அது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது.

பள்ளி ஆசிரியர், கவிஞர், சிறுகதை ஆசிரியர், நாடக ஆசிரியர், கீர்த்தனை இயற்றியவர், நாட்டுப் பாடல் சேகரித்தவர், பாரதியின் எழுத்துகளைத் தேடித் தொகுத்தவர் என்று அவரைப் பற்றிய அறிமுகம் நீண்டுகொண்டே போகும். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இவற்றில் ஒரு முகம்தான் தெரிந்திருக்கும்.

தூரன் என்பது புனைபெயர்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொங்கு வேளாளரிடையே உள்ள குலப் பிரிவுகளைக் ‘கூட்டம்’ என்பார்கள். அவற்றுள் ஒன்று தூரன் கூட்டம். பெரியசாமி என்ற இயற்பெயரோடு குலப்பெயரைச் சேர்த்து அவர் பெரியசாமித் தூரன் ஆனார். நூல்களின் முகப்பில் ம. ப. பெரியசாமித் தூரன் என்றும் பெ. தூரன் என்றும் இரு வகையாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து இருவர் என்று எண்ணிவிட வேண்டாம். ‘ம’ ஊரையும் ‘ப’ தந்தை பழனிவேலப்பக் கவுண்டரையும் குறிக்கும்.

பட்டம் வாங்காதவர் என்று ஒருவரும், கணிதப் பட்டதாரி என்று ஒருவரும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டு பேச்சுக்கும் அடிப்படை இருக்கிறது. சென்னையில் கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் படித்தவர் அவர். 1931 மார்ச் 23 அன்று பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது, அதற்கு எதிர்ப்பாகப் பட்டத் தேர்வை எழுத மறுத்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. பின்னர் ஆசிரியப் பயிற்சியும் முடித்து எல்.டி. என்னும் ஆசிரியர் தகுதிப் பட்டத்தைப் பெற்றார். மறுத்த கதையை மட்டும் கேட்டவர்கள் பட்டமில்லாதவர் என்கிறார்கள். பின்னால் வந்த தகுதியை மட்டும் பார்த்தவர்கள் பட்டதாரி என்கிறார்கள்.

கல்லூரி நாட்களிலேயே நண்பர்களோடு ‘பித்தன்’ என்ற இதழை நடத்தினார். எழுத்தும் பதிப்பும் கணிதப் பாடத்தோடு கூடவே வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் விடைகள் சில எளிதாகும்.

கணக்கு வாத்தியாரிடம் கலைக்களஞ்சியத்தை ஏன் ஒப்படைத்தார்கள்?

இந்தக் கேள்விக்குள் ஒரு மனிதரின் பெயர் ஒளிந்திருக்கிறது: தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1930-இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர் அவர். கோபிசெட்டிப்பாளையத்தில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய தூரன், பிறகு வித்யாலயத்துக்கு வந்து, பெரியநாயக்கன்பாளையத்தில் தலைமையாசிரியராகவும் இருந்தார். 1946-இல் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரான அவினாசிலிங்கம், அதே ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். தமிழில் ஒரு பெரிய கலைக்களஞ்சியம் வெளியிடுவது கழகத்தின் முதற்பெரும் திட்டம். அதற்குப் பதிப்பாசிரியராக, பக்கத்தில் வைத்துப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய தம் பள்ளி ஆசிரியரையே அவர் அழைத்தார். 1948-இல் தூரன் சென்னைக்கு வந்தார்.

பழக்கத்தால் கிடைத்த பதவி என்று சிலர் சற்று இளக்காரமாகச் சொல்வதுண்டு. கணிதமும் அறிவியலும் படித்திருந்து, நல்ல தமிழும் எழுதத் தெரிந்து, பத்திரிகை அனுபவமும் வகுப்பறை அனுபவமும் உடைய ஒருவர் 1948-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்த இளக்காரம் நிற்காது. தமிழ்ப் புலவர்கள் பலர் இருந்தார்கள், அறிவியல் பேராசிரியர்களும் இருந்தார்கள். இரு சாராரும் எழுதுவதைப் படித்துத் திருத்தக்கூடியவர் மிகச் சிலரே.

கலைக்களஞ்சியம் என்பது பெரிய அகராதிதானே?

இல்லை. அகராதி சொல்லுக்குப் பொருள் சொல்லும். கலைக்களஞ்சியம் பொருளைப் பற்றிச் சொல்லும். ‘வௌவால்’ என்ற சொல்லுக்கு அகராதி ஒரு வரியில் பொருள் தந்து நகர்ந்துவிடும். வௌவால் எப்படிப் பறக்கிறது, இருட்டில் எப்படி வழி அறிகிறது, எத்தனை வகை உண்டு என்று சொல்ல வேண்டியது கலைக்களஞ்சியத்தின் வேலை. இரண்டும் அகரவரிசையில் அமைந்திருப்பதால் குழப்பம் வருகிறது.

பத்துத் தொகுதியையும் தூரன் ஒருவரே எழுதினாரா?

இல்லை, அப்படி ஒருவரால் எழுதவும் முடியாது, எழுதவும் கூடாது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 750 பக்கங்கள் கொண்ட தொகுதிகள் அவை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் துறைகளில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மருத்துவம், வானியல், சட்டம், பயிரியல், வரலாறு, இசை என்று எல்லாத் துறைகளுக்கும் அறிஞர்களைத் தேடி, எழுத வைத்து, வாங்கி, ஒரே நடைக்குக் கொண்டுவருவதுதான் பதிப்புக் குழுவின் பணி.

அதில் மிகக் கடினமான பகுதி எது என்று கேட்டால், வாங்கிய கட்டுரையைத் தமிழாக்குவது என்பேன். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பேராசிரியர்கள்கூட அக்காலத்தில் தங்கள் துறையை ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே கற்பித்து வந்தவர்கள். எனவே பல கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்து, அலுவலகத்தில் தமிழாயின. ஒரே கருத்துக்கு இயற்பியல்காரர் ஒரு சொல்லையும் வேதியியல்காரர் வேறொரு சொல்லையும் பயன்படுத்தினால், படிப்பவர் அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்று எண்ணிவிடுவார். கலைச்சொல்லை ஒருமுகப்படுத்துவது, தேவையற்ற விரிவை வெட்டுவது, விட்டுப்போனதைக் கேட்டு வாங்குவது, ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றைப் பார்க்கச் சொல்லிக் குறிப்பு இடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் கடைசிப் பொறுப்பு முதன்மைப் பதிப்பாசிரியருடையது. இவ்வளவு செய்தும், நன்றாக முடிந்த கட்டுரையின் பெருமை அதை எழுதியவருக்கே சேரும்.

அவினாசிலிங்கம்தான் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தார் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். அப்படியென்றால் தூரனுக்கு என்ன பங்கு?

உங்கள் ஊரில் சொல்வது பொய்யன்று. கழகத்தை நிறுவியதும், அரசு மானியமும் நன்கொடையும் திரட்டியதும், திட்டம் இடையில் நின்றுவிடாமல் காத்ததும் அவினாசிலிங்கம். அவர் இல்லாவிட்டால் அலுவலகமே இருந்திராது. தூரன் இல்லாவிட்டால் அந்த அலுவலகத்திலிருந்து நூல் வெளிவந்திருக்குமா என்பதுதான் கேள்வி. நிதியோடும் நல்லெண்ணத்தோடும் தொடங்கி, முதல் ஓரிரு தொகுதிகளோடு நின்றுபோன கலைக்களஞ்சிய முயற்சிகள் இந்திய மொழிகளில் உண்டு. இது பத்தாம் தொகுதி வரை வந்தது. புகழைப் பங்கிட்டே ஆக வேண்டும் என்றால், தொடங்கிய பெருமையை ஒருவருக்கும் முடித்த பெருமையை மற்றவருக்கும் தருவேன்.

ஏன் இருபது ஆண்டு ஆயிற்று? அவ்வளவு மெதுவாகவா வேலை செய்தார்கள்?

கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1947-இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் தொகுதி 1954-இல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-இல் வந்தபோது அகரவரிசை முழுவதும் முடிந்துவிட்டது. 1968-இல் வந்த பத்தாவது, இணைப்புத் தொகுதி. ஆக, அச்சு தொடங்கிய பிறகு ஒன்பது தொகுதிகளுக்கு ஒன்பது ஆண்டுகளே ஆயின. ஆண்டுக்கு ஒன்று என்ற இந்த வேகம் உண்மையில் வியப்பானது.

காலம் பிடித்தது முதல் தொகுதிக்கு முந்தைய ஆண்டுகளில்தான். அதற்குக் காரணம் அகரவரிசை என்னும் பொல்லாத ஏற்பாடு. ‘ஆகாய விமானம்’ என்று தலைப்பிட்டால் அந்தக் கட்டுரை தொடக்கத்திலேயே வேண்டும்; ‘விமானம்’ என்று தலைப்பிட்டால் கடைசித் தொகுதி வரை காத்திருக்கலாம். வெளிநாட்டுப் பெயர்களோ இன்னும் தொல்லை: ‘பிரான்ஸ்’ என்பதா, வேறு எழுத்தில் தொடங்குவதா என்ற முடிவைப் பொறுத்து அதன் இடமே மாறிவிடும். முதல் பக்கம் அச்சேறும் முன்பே கடைசித் தொகுதி வரைக்கும் தலைப்புகள் இன்னவை என்று முடிவாகியிருக்க வேண்டும். முடிவான பின் மனம் மாறினால், அச்சாகிப் போன தொகுதிக்குள் நுழைய வழியில்லை. கணினியில் ஒரு நொடியில் வரிசை மாற்றிப் பழகியவர்களுக்கு இந்தத் தவிப்பு புரிவது கடினம்.

இந்திய மொழிகளிலேயே முதல் கலைக்களஞ்சியம் இதுதான் என்று மேடையில் பேசலாமா?

பேசாதீர்கள். வங்காளத்தில் நகேந்திரநாத் பாசு 22 தொகுதிகளில் ‘விசுவகோஷ்’ என்ற நூலை 1911-இலேயே முடித்துவிட்டார். மராத்தியில் ஸ்ரீதர் வெங்கடேஷ் கேத்கர் 1920-களில் ‘மகாராஷ்டிரீய ஞானகோஷ்’ என்ற பெருந்தொகுப்பைக் கொண்டுவந்தார். தெலுங்கில் கொமர்ராஜு லட்சுமணராவ் 1910-களில் தொடங்கிய முயற்சியும் உண்டு.

தமிழிலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902-இலும், சென்னை ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் துணையோடு 1910-இலும் வெளிவந்தன. புராணம், இலக்கியம், சமயம் ஆகியவற்றில் அவற்றுக்கு உள்ள வளம் பெரிது. ஆனால் அவை தனி மனிதர் உழைப்பு. இன்றைய அறிவுத்துறைகள் எல்லாவற்றையும் அந்தந்தத் துறையினரைக் கொண்டே எழுதுவித்த நூல்கள் அல்ல. விடுதலை பெற்ற இந்தியாவில், நவீன முறையில் துறை அறிஞர்களைக் கொண்டு தொகுத்து முழுமை பெற்ற முன்னோடிக் கலைக்களஞ்சியம் என்று சொல்லுங்கள். அதுவே போதிய பெருமை.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகக் களஞ்சியமும் இவர் செய்ததா?

அன்று. அந்தப் பல்கலைக்கழகம் 1981-இல்தான் தோன்றியது. அது வெளியிட்ட வாழ்வியற் களஞ்சியமும் அறிவியல் களஞ்சியமும் தனி முயற்சிகள், பதிப்பாசிரியர்களும் வேறு.

குழந்தைகள் கலைக்களஞ்சியம் பெரிய கலைக்களஞ்சியத்தின் சுருக்கம்தானே?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்டதும், கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது வருத்தம் தந்ததும் இந்தக் கேள்விதான். பெரிய கலைக்களஞ்சியத்தின் இணைப்புத் தொகுதி வந்த அதே 1968-இல் குழந்தைகளுக்கான முதல் தொகுதியும் வெளிவந்தது. பத்தாவது 1976-இல் வந்தது. தொடங்கும்போது தூரனுக்கு வயது அறுபது. இருபது ஆண்டு உழைத்த ஒருவர் ஓய்வெடுத்துக்கொள்வதற்கு எல்லாக் காரணமும் இருந்த வயது அது.

சுருக்குவது என்றால் நூறு வரியைப் பத்து வரியாக்குவது. பெரியவர்களுக்கு எழுதிய கட்டுரையை அப்படிச் சுருக்கினால் குழந்தைக்கு அது முன்னிலும் கடினமாகிவிடும். விளக்கமெல்லாம் போய்க் கலைச்சொற்கள் மட்டும் மிஞ்சும். குழந்தைக்குச் சொல்லும்போது வரிகள் சில சமயம் கூடத்தான் வேண்டும். தெரிந்ததிலிருந்து தொடங்கி, படத்தைக் காட்டி, ஒரு நேரத்தில் ஒரு கருத்தைச் சொல்லி நகர வேண்டும். படங்கள் நிறைந்த அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போது, எழுதியவர்கள் எதிரில் ஒரு மாணவனை உட்கார வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள் என்று தோன்றும். பெரிய தொகுதிகளை வளர்ந்தவர்கள் தூசி தட்டி எடுப்பார்கள். சிறுவர் தொகுதிகளின் ஓரங்களோ, எங்கள் அலமாரியில், பிள்ளைகளின் கை பட்டுக் கிழிந்திருந்தன.

குழந்தைகளுக்கு அவர் வேறு என்ன எழுதினார்? கதை உண்டா?

கதையும் பாட்டும் நிறைய உண்டு. ‘மாயக்கள்ளன்’, ‘சூரப்புலி’, ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘சங்ககிரிக் கோட்டையின் மர்மம்’, ‘ஓலைக்கிளி’, ‘தம்பியின் திறமை’, ‘நாட்டிய ராணி’, ‘ஆனையும் பூனையும்’, ‘மஞ்சள் முட்டை’ முதலியவை அவற்றுள் சில. பாடல்களுக்கு ‘மழலை அமுதம்’, ‘நல்ல நல்ல பாட்டு’ ஆகியவற்றைப் பாருங்கள். தலைப்புகளிலேயே ஒன்றைக் கவனிக்கலாம்: மர்மமும் சாகசமும் நடக்கும் இடம் கொல்லிமலை, சங்ககிரி. சிறுவர் துப்பறியும் கதை என்றாலே ஏதோ ஒரு பெருநகரம் அல்லது பெயரில்லாத தீவு என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கொங்கு நாட்டுச் சிறுவன் பேருந்தில் போய்ப் பார்த்துவிடக்கூடிய மலையையும் கோட்டையையும் அவர் தேர்ந்தெடுத்தார்.

மொழிபெயர்ப்பிலும் அவருக்குக் கை தேர்ந்திருந்தது. ஜாக் லண்டனின் புகழ்பெற்ற நாய்க் கதையை ‘கானகத்தின் குரல்’ என்ற பெயரில் தமிழாக்கினார்.

எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பாடத்தில் உளவியல் நூலாசிரியராக ஒரு தூரன் வருகிறார். அவர் இவரா?

இவரேதான். ‘குழந்தை உள்ளம்’, ‘குமரப் பருவம்’, ‘அடிமனம்’ போன்ற நூல்களில் மனத்தின் இயக்கத்தை எளிய தமிழில் விளக்கினார். ‘பாரம்பரியம்’ மரபுக் கூறுகளைப் பற்றியது. ‘கருவில் வளரும் குழந்தை’ என்பதன் பொருள் தலைப்பிலேயே விளங்கும். இவற்றை ஏன் ஒரு கணக்காசிரியர் எழுதினார் என்று கேட்பவர்கள், விடுதியோடு கூடிய பள்ளியில் இரவும் பகலும் மாணவர்களோடு வாழ்ந்த ஒருவருக்கு அவர்களின் மனத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய தேவை எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்தால் போதும்.

கச்சேரியில் ‘தாயே திரிபுரசுந்தரி’ பாடுகிறார்களே, அந்தப் பெரியசாமித் தூரனும் இவரும் ஒருவரா?

ஒருவரே. சுத்த சாவேரியில் அமைந்த ‘தாயே திரிபுரசுந்தரி’, பிருந்தாவன சாரங்காவில் ‘கலியுக வரதன்’, கீரவாணியில் ‘புண்ணியம் ஒரு கோடி’, துவிஜாவந்தியில் ‘எங்கு நான் செல்வேன்’, மாண்டு ராகத்தில் ‘முரளீதர கோபாலா’ ஆகிய எல்லாம் அவர் இயற்றியவை. தமிழிசை இயக்கம் தமிழ்ப் பாடல்கள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவை பெரிய பாடகர்களின் குரல் வழியாக மேடையில் இடம்பிடித்தன. சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1972-இல் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. பாட்டு வகுப்புக்கு வரும் பெற்றோரிடம் ‘இவர்தான் கலைக்களஞ்சியம் தொகுத்தவர்’ என்று அலமாரியைக் காட்டினால் நம்ப மறுப்பார்கள்.

பாரதி ஆய்வில் அவர் பெயர் அடிபடுவது ஏன்?

‘சுதேசமித்திரன்’ இதழின் பழைய கோப்புகளைப் புரட்டி, நூலாகாமல் கிடந்த பாரதியின் எழுத்துகளைக் கண்டெடுத்து, வெளிவந்த நாளோடு வரிசைப்படுத்தி ‘பாரதி தமிழ்’ என்ற தொகுப்பை அவர் வெளியிட்டார். எழுத்தை அது வெளிவந்த காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பதிப்பு ஒழுங்கு அதில் இருந்தது. மேலே கலைக்களஞ்சியப் பணியைப் பற்றிச் சொன்ன அதே கண்டிப்புதான் இதிலும் தெரிகிறது. வாய்மொழியாக வழங்கிய நாட்டுப் பாடல்களையும் சேகரித்து, ‘காற்றில் வந்த கவிதை’ என்று நூலாக்கினார்.

அரசு அவரை மதித்ததா, வழக்கம்போல மறந்துவிட்டதா?

1968-இல் பத்மபூஷண், 1970-இல் கலைமாமணி. அவருடைய நூல்கள் பின்னர் நாட்டுடைமையாக்கப்பட்டன. 2022 முதல், இணையக் கலைக்களஞ்சியமான தமிழ் விக்கி அவர் பெயரால் ஆண்டுதோறும் விருது வழங்கி வருகிறது.

பழைய கலைக்களஞ்சியத்தை இன்று மேற்கோள் காட்டலாமா? தகவல் எல்லாம் காலாவதியாகியிருக்குமே?

எதற்காக என்பதைப் பொறுத்தது. மக்கள்தொகை, நாட்டு எல்லை, அணு அறிவியல், மருத்துவம் ஆகியவற்றுக்குக் காட்டாதீர்கள். கடைசித் தொகுதி 1968-இல் முடிந்தது. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலையில். அதே ஆண்டு ஜனவரியில்தான் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. தொகுதிகளுக்குள்ளேயே காலம் நகர்வதையும் கவனிக்க வேண்டும்: முதல் தொகுதி வந்தபோது பெரும்பாலான மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்படவில்லை, கடைசித் தொகுதிகள் வந்தபோது பிரிந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே எந்தத் தொகுதி என்பதோடு எந்த ஆண்டு என்பதையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

ஆனால் தமிழ்ப் புலவர்கள், பழைய ஊர்கள், கலைகள், இசை, செடிகொடிகள் பற்றிய கட்டுரைகள் இன்றும் பயன் தரும். அறிவியல் தமிழ் எப்படி உருவானது என்று ஆராய்பவருக்கோ காலாவதியான கட்டுரைதான் முதன்மைச் சான்று. இரண்டு கலைக்களஞ்சியங்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். தூரனின் சிறுவர் நூல்கள் பல விக்கிமூலத்தில் உள்ளன.

கலைக்களஞ்சியம் அவருடைய படைப்பு வாழ்க்கையை விழுங்கிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

சிறுகதை எழுதினார், கவிதை எழுதினார், நாடகம் எழுதினார்; ஆனாலும் தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் அவருடைய இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது வயதில் பதிப்பு மேசையில் உட்கார்ந்தவர் எழுந்தபோது வயது ஏறத்தாழ அறுபத்தெட்டு. ஒரு படைப்பாளியின் மிகச் சிறந்த ஆண்டுகளில் அவர் பிறருடைய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார் என்பதை மறுக்க முடியாது. பின்னர் உடல்நலம் குன்றியதால், விட்டதைப் பிடிக்கும் அவகாசமும் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ‘விழுங்கிவிட்டது’ என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. அதே ஆண்டுகளில்தான் சிறுவர் நூல்கள் பலவும், கீர்த்தனைகள் பலவும், ‘பாரதி தமிழ்’ தொகுப்பும் வந்தன. கலைக்களஞ்சியம் பறித்துக்கொண்டது அவருடைய நேரத்தில் ஒரு பகுதியை. அது கொடுத்ததும் ஒன்று உண்டு. எவ்வளவு கடினமான செய்தியையும் பொதுவான தமிழில் சொல்லிவிடலாம் என்ற துணிவை நாள்தோறும் அந்த மேசையில் பழகியவர்தான் பின்னர் சிறுவர்களுக்குக் கலைக்களஞ்சியம் எழுத உட்கார்ந்தார். சிறுகதைக்காரர் தூரனை நாம் இழந்தோம் என்று வருந்துபவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஐந்தாம் அலமாரியில் இருக்கும் அந்தச் சிறுவர் தொகுதிகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பேன். பெரும்பாலோர் அங்கேயே நின்றபடி இரண்டு மூன்று பக்கம் படித்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள்.